வாசகர் கேள்வி பதில்: கதையில் எல்லோரும் அழுகிறார்கள், படிப்பவருக்கு ஒன்றும் ஆகவில்லை

கேள்வி: அப்பா இறந்துபோன ஒரு வீட்டைப் பற்றிச் சிறுகதை எழுதினேன். "துக்கம் தொண்டையை அடைத்தது", "கண்கள் குளமாயின", "இதயம் சுக்குநூறானது" என்றெல்லாம் உருகி எழுதியும், படித்த தோழி "எனக்கு ஒண்ணுமே தோணலையே" என்கிறாள். எங்கே தவறு?
(ஒரு வாசகி, தேனி)

பதில்: முதலில், அந்தத் தோழியை விட்டுவிடாதீர்கள், உண்மையைச் சொல்கிற வாசகி கிடைப்பது அரிது. நீங்கள் எழுதிய மூன்று தொடர்களும் எந்த வீட்டு அப்பா இறந்தாலும் பொருந்தும். இறந்தது இந்த அப்பா, அழுவது இந்த மகள் என்பதற்கு அவற்றில் ஒரு தடயமும் இல்லை. தமிழில் உணர்ச்சியைச் சொல்வது ரொம்பச் சுலபம். அவளுக்குக் கோபம் வந்தது, அவனுக்கு வெட்கமாக இருந்தது, என்று வாக்கியம் சட்டென்று முடிந்துவிடும். நாமும் அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம், அந்த நேரத்தில் அவள் எங்கே நின்றாள், கையில் என்ன இருந்தது என்று பார்க்காமலே.

இப்படி யோசித்துப் பாருங்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு, ரேஷன் கார்டில் அப்பா பெயரை நீக்க மகள் இ-சேவை மையத்துக்குப் போகிறாள். கையில் இறப்புச் சான்றிதழ், ஜெராக்ஸ் ரெண்டு. கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற பெண் தலை நிமிராமல் "வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்கிறாள். "நாலு" என்கிறாள் மகள். பின்னால் நிற்பவர் "சீக்கிரம்மா" என்கிறார். "இல்ல, மூணு" என்கிறாள். அவ்வளவுதான். இதற்குக் கீழே துக்கம் தொண்டையை அடைத்தது என்று சேர்த்தால் எல்லாம் கெட்டுவிடும், ஏனென்றால் வாசகர் அந்த "மூணு"க்குப் பக்கத்தில் தானாகவே வந்து நின்றுவிட்டார், அவருக்கு முன்னால் நாம் குறுக்கே போய் நிற்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளியே தெரிவதைப் பேசுகிற மெய்ப்பாட்டியல் என்ற பகுதி நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டு உணர்ச்சிகளைச் சொல்கிறது, பலரும் அதோடு மூடிவைத்துவிடுவார்கள். அதற்கடுத்து வருவதுதான் எழுதுகிறவருக்கு வேண்டியது: ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்காகப் பிரிக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்பட்டு அழுவது, இழந்து அழுவது, முன்பிருந்த நிலை குலைந்து அழுவது, இல்லாமையால் அழுவது. உங்கள் கதையில் மகள் அழுவது இதில் எது? அப்பா போனதற்கு மட்டுமா, இல்லை "மகதானே, நீ ஒதுங்கி நில்லு" என்று சுடுகாட்டுக்குக் கிளம்பும்போது சொன்னார்களே அதற்கும் சேர்த்தா? வெறும் இழவென்றால் அவள் அப்பாவின் செருப்பை யார் கண்ணிலும் படாத இடத்துக்கு எடுத்து வைப்பாள். அவமானமும் சேர்ந்திருந்தால் அதே செருப்பை வாசலிலேயே விட்டுவைத்து, வருகிறவர்களெல்லாம் தாண்டி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். காரணம் தெரியாமல் உட்கார்ந்தால் கண்ணீரைத் தவிர வேறெதுவும் எழுத வராது.

கேள்வி: உணர்ச்சியை உடம்பில் காட்டு என்கிறார்கள். அப்படி எழுதினால் என் பாத்திரங்கள் பக்கத்துக்கு நான்கு முறை பெருமூச்சு விடுகிறார்கள், உதட்டைக் கடிக்கிறார்கள். என்ன செய்வது?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: பெருமூச்சு எல்லோருக்கும் பொது, அதனால் அதுவும் "கண்கள் குளமாயின" மாதிரிதான். உடம்பை விட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள். மகளை முதல்முறை விடுதிக்கு அனுப்ப பேருந்து நிலையம் வந்திருக்கிற அப்பா, சார்ஜர் எடுத்தியா என்று ரெண்டாவது தடவை கேட்கிறார், பையில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கும்போது இன்னொரு பாட்டில் வாங்கி ஜன்னல் வழியாக நீட்டுகிறார், பிறகு கண்டக்டரிடம் போய், நூறு தடவை போய்வந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி சேரும் என்று விசாரிக்கிறார். இதில் பெருமூச்சே இல்லை. ஆளுக்கு ஆள் இது மாறும், மாற வேண்டும். அதே இடத்தில் அம்மா நின்றால் தண்ணீர் வாங்கமாட்டார், பக்கத்து சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்று பார்ப்பார்.

கேள்வி: அப்படியென்றால் "அவள் மகிழ்ந்தாள்" என்று எழுதவே கூடாதா?
(ஒரு கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: தாராளமாக எழுதலாம். கூடலூர் கிழார் எழுதியிருக்கிறாரே, குறுந்தொகை 167-வது பாட்டு. புதிதாகக் குடித்தனம் தொடங்கியவள் தயிரைப் பிசைகிறாள், அந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள், தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் "இனிது" என்று சாப்பிடுகிறான். அப்போது அவள் முகம் "நுண்ணிதின் மகிழ்ந்தன்று", அதாவது நுட்பமாக மகிழ்ந்தது. மகிழ்ச்சி என்ற சொல் வெளிப்படையாகவே வருகிறது, ஆனால் புகையையும் கறைபட்ட துணியையும் பார்த்த பிறகு வருகிறது, அதிலும் "நுண்ணிதின்" என்று அளந்து வருகிறது. முதல் வரியிலேயே அதைச் சொல்லியிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்? மற்றபடி, கதையில் ஓரமாக வந்துபோகிற ஆட்டோக்காரருக்குக் கோபம் வந்தது என்றால் கோபம் வந்தது என்றே எழுதிவிட்டுப் போங்கள், அவருக்கு ஒரு பத்தி வேண்டாம்.

கேள்வி: வசனத்தில் கோபத்தை எப்படிக் கொண்டுவருவது? ஆச்சரியக்குறி போட்டும் சத்தம் வரவில்லை.
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: சத்தம் எதற்கு? நம் வீடுகளில் பெரிய கோபங்கள் குரல் ஏறாமல்தான் வருகின்றன. நீ, நீங்க என்ற ரெண்டு சொல் நம்மிடம் இருக்கிறது, அதை வைத்தே பாதி வேலை நடக்கும். இருபது வருடம் "வாடா" என்று கூப்பிட்ட நண்பன், பணத்தகராறுக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் "வாங்க, சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் அதற்கு மேல் எந்தத் திட்டும் வேண்டாம். அதேபோல, தினமும் "என்னங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுகிற மனைவி, அன்றைக்கு அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு" என்கிறாள். யார் வைத்தது, யாருக்கு வைத்தது, ரெண்டும் அந்த வாக்கியத்தில் இல்லை.