‘மாடத்தி’ என்பது என்ன பெயர்? எப்படி வந்தது? இந்தக் காலத்தில் யாராவது வைப்பார்களா?

வைப்பார்கள், நான் வைத்திருக்கிறேன். என் அப்பாவைப் பெற்ற ஆச்சி பெயர் மாடத்தி, இரண்டு வயதாகும் என் மகள் பெயரும் மாடத்தி.

மாடன் என்ற பெயரின் பெண்பால்தான் இது. குறவன், குறத்தி என்று வருகிறதே, அதே மாதிரி. மாடன் என்றால் சுடலைமாடன். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் ஊருக்கு ஊர் அவருக்குக் கோவில் இருக்கும். பார்வதி விளக்குச் சுடரை முந்தானையில் ஏந்திப் பெற்ற பிள்ளை, பசி தாங்காமல் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றதால் கயிலாயத்தை விட்டு அனுப்பப்பட்டவர் என்று கொடைக்குக் கொடை (கொடை என்றால் கோவில் திருவிழா) வில்லுப்பாட்டில் பாடுவார்கள். பல கோவில்களில் சிலை கிடையாது. மேலே போகப் போகக் குறுகும் பீடம் ஒன்று, சுண்ணாம்பு அடித்து, சந்தனம் அப்பி, மாலை போட்டிருப்பார்கள், அதுதான் சாமி. எங்கள் கோவிலில் அவர் பக்கத்திலேயே இடுப்பளவு உயரத்தில் இன்னொரு பீடம் உண்டு, அது மாடத்தி.

பிள்ளை தங்காத வீடுகளில் நேர்ந்துகொண்டு இந்தப் பெயரை வைப்பது வழக்கம். ஆண் என்றால் மாடசாமி, சுடலைமுத்து. பெண் என்றால் மாடத்தி, சுடலைவடிவு. ஆச்சிக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை, மூன்றாவதாக இவள் தங்கினாள், அதனால் மாடத்தி.

எனக்கு இந்தப் பெயர் ஏன் இவ்வளவு பிடிக்கும் என்றால், அந்த ‘த்தி’தான். ஆண் பெயரோடு அம்மாளையோ ஈஸ்வரியையோ சேர்த்துவிட்டதுபோல இல்லாமல் அது தன் காலில் நிற்கிறது, அப்புறம் வயக்காட்டில் அந்தக் கடைசியில் இருந்து “ஏ மாடத்தீ...” என்று இழுத்துக் கூப்பிட்டால் இந்த வரப்பு வரைக்கும் கேட்கும். ஆச்சியை அப்படிக் கூப்பிட்ட கிழவிகள் யாரும் இப்போது இல்லை. பெயராவது இருக்கட்டும் என்றுதான் மகளுக்கு வைத்தேன், பிறப்புச் சான்றிதழிலும் அதேதான், வேறு பெயர் கிடையாது.

அம்மாவுக்குத்தான் சிக்கல். மாமியார் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமே இல்லை, நாற்பது வருடத்தில் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. அதனால் பேத்தியைக் கூப்பிடும்போதும், “ஏட்டி ஆச்சி, சோறுண்ண வா.”