பார்லி ரொட்டி ஓரம் வெடிப்பது ஏன்?

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் இருப்பதால் பார்லி ரொட்டி செய்கிறேன். கோதுமை மாவு மாதிரியே பிசைந்தும் தேய்க்கும்போது ஓரமெல்லாம் வெடிக்கிறது. அவனில் பிரெட் போட்டால் செங்கல் ஆகிறது. என்ன தப்பு? (வாசகி, கீழக்கரை)

பதில்: கோதுமை மாதிரியே பிசைவதுதான் தப்பு. கோதுமை மாவை இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். அந்த இழுவையைத் தருவது குளூட்டன் என்ற புரதம். பார்லியிலும் குளூட்டன் உண்டு, ஆனால் அந்த இழுவை இல்லை. எவ்வளவு அடித்துப் பிசைந்தாலும் வராது. இடியாப்ப மாவுக்குச் செய்வதுபோல் கொதிநீர் ஊற்றிக் கிளறுங்கள். அந்தச் சூட்டில் மாவுச்சத்து வெந்து பசையாகும். அந்தப் பசைதான் ரொட்டியைப் பிடித்து நிறுத்தும்.

எட்டு ரொட்டிக்கு மாவு 250 கிராம், தண்ணீர் 275 மில்லி, உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் ஒரு டீஸ்பூன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அடுப்பை அணைத்து, மாவைக் கொட்டி, கரண்டிக் காம்பால் கிளறி, மூடி வையுங்கள். பத்து நிமிடம் தொடாதீர்கள். முதலில் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். உடனே மாவு தூவிவிடுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. பார்லியின் பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஆறியபின் பிசைந்தால் தானே இறுகும். உருட்டிய உருண்டையை அமுக்கிப் பாருங்கள். ஓரம் விரிந்தால் கை நனைத்து இன்னொரு முறை பிசையுங்கள். மீதி உருண்டைகள் ஈரத்துணிக்கடியில் இருக்கட்டும், காற்றுப் பட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். தோசைக்கல் நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் குடிதண்ணீரில் பிசையுங்கள். வேறு வழியில்லையென்றால் உப்பே போடாதீர்கள்.

பிரெட்டைப் பொறுத்தவரை, வெறும் பார்லியில் உப்பிய பிரெட் வராது. மைதா 350 கிராம், பார்லி 150, தண்ணீர் 340 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், உப்பு 8 கிராம். நம் பக்கத்து வெயிலில் முக்கால் மணி நேரத்திலேயே இரட்டிப்பாகிவிடும். அதற்கு மேல் விட்டால் அவனில் அமுங்கிப்போகும். 200 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். சூடாக அறுத்தால் உள்ளே களிபோல் ஒட்டும், முழுக்க ஆறவிடுங்கள். ஆனால் மைதா இவ்வளவு சேர்வதால் அம்மாவுக்கு ரொட்டிதான் நல்லது.

கடையில் வெள்ளையாக, வழவழவென்று இருப்பது தவிடு நீக்கிய பார்லி. உமி மட்டும் நீக்கிய பழுப்பு மணி கிடைத்தால் வாங்குங்கள். மாவு மில்லில் மிளகாய்க்குப் பிறகு போட்டுவிடாதீர்கள். இந்த ஈரக்காற்றில் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அரைக்கிலோவுக்கு மேல் அரைக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

நாளுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பார்லிக்கு இதை 2006இல் உறுதிசெய்தது. தவிடு நீக்காத மாவில் செய்த இரண்டு ரொட்டியில் ஏறக்குறைய அவ்வளவு கிடைத்துவிடும். ஐந்து வாற்கோதுமை (பார்லி) அப்பமும் இரண்டு மீனும் என்ற பைபிள் கதையைக் கேட்டு வளர்ந்த கடற்கரைக்காரர்களுக்குத் தொட்டுக்கொள்ள மீன்குழம்பு என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தேங்காயை மட்டும் குறையுங்கள். சோற்றோடு கூடுதலாக இல்லாமல், சோற்றுக்குப் பதிலாகக் கொடுங்கள். சர்க்கரை மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்குப் பார்லியும் ஆகாது.