படம் கொடுத்துக் கேட்கும் பழக்கம்

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் 5 வயது மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. வேண்டியதன் படத்தைக் கொடுத்துக் கேட்க, படஅட்டை பழக்குகிறோம். "என்ன வேணும்?" என்று கேட்டால் அட்டையைத் தொடுகிறான், எடுத்துத் தருவதில்லை. அட்டையே பழகினால் பேச்சு நின்றுவிடுமோ?

பதில்: பயப்படாதீர்கள், படஅட்டை பேச்சைத் தடுப்பதில்லை.

சிக்கல் உங்கள் கேள்வியில்தான். கேட்டால்தான் அசைவது என்று அவன் பழகிவிடுவான். தொடக்கத்தில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. இரண்டு பேர் வேண்டும். நீங்கள் முறுக்குத் துண்டோடு எதிரே உட்காருங்கள். நடுவில் முறுக்குப் படம் உள்ள ஒரே ஒரு அட்டை. இன்னொருவர் அவன் பின்னால் இருக்கட்டும். அவன் முறுக்குக்குக் கை நீட்டிய பிறகுதான், பின்னால் இருப்பவர் பேசாமல் அவன் கையைப் பிடித்து, அட்டையை எடுத்து உங்கள் உள்ளங்கையில் வைக்கச் செய்ய வேண்டும். வைத்த நொடியே "முறுக்கு!" என்று சொல்லி, முறுக்குத் துண்டைக் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் அட்டைக்கும் முறுக்குக்கும் உள்ள தொடர்பு அவனுக்குப் புரியாது.

ஒரு முறுக்கைப் பத்துத் துண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். முழுசாகக் கொடுத்தால் ஒரே முறையில் ஆசை தீர்ந்துவிடும். கையைப் பிடித்துச் செய்யும் உதவியைக் கடைசிப் படியிலிருந்து குறையுங்கள்: முதலில் உள்ளங்கையில் வைப்பதை அவனே செய்யட்டும், பிறகு நீட்டுவது, கடைசியாக எடுப்பது. தானாகத் தரத் தொடங்கிய பின் நீங்கள் ஓரடி தள்ளி உட்காருங்கள். இரண்டாவது படம் அதற்கப்புறம்தான்.