பொய் சொல்லும் துப்பறிவாளர்கள் – கடிதம்

வணக்கம்.

பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு அல்சூரில். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கல்லூரியில் படிக்கும் பேத்தியோடு உட்கார்ந்து அமெரிக்கத் துப்பறியும் தொடர்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. 'கொலம்போ'வை அவளுக்கு நான் காட்டினேன்; 'தி மென்டலிஸ்ட்' தொடரை எனக்கு அவள் காட்டினாள். இரண்டிலும் துப்பறிகிறவர் வாய் கூசாமல் பொய் சொல்கிறார், நடிக்கிறார், பொறி வைக்கிறார். நாங்கள் இருவரும் கைதட்டாத குறை.

அண்மையில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 'டிஜிட்டல் கைது' மோசடியில் சேமிப்பையெல்லாம் பறிகொடுத்தார். காக்கிச் சட்டை போட்ட ஒருவன் வீடியோ அழைப்பில் வந்து, அவர் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகச் சொல்லி, யாரிடமும் பேசக் கூடாது என்று மிரட்டி அறையிலேயே உட்கார வைத்துவிட்டான். அவனுக்குப் பின்னால் காவல் நிலையம் போலவே ஓர் அறை தெரிந்ததாம். அன்று இரவு நாங்கள் தொடரைப் போட்டதும் என் மனைவி கேட்டாள்: "அவனும் போலீஸ் நாடகம் ஆடித்தானே பிடுங்கினான்? இவர் ஆடினால் மட்டும் உங்களுக்கு இனிக்கிறதா?" எனக்குப் பதில் வரவில்லை. இந்த எத்தர்களை நாம் ஏன் ரசிக்கிறோம்?

எஸ்., பெங்களூரு

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கேள்வியைவிட உங்கள் மனைவியின் கேள்வி கூர்மையானது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

'அறிவின் விளையாட்டை ரசிக்கிறோம்' என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது போதாது. அந்தக் காக்கிச் சட்டைக்காரனுக்கும் அறிவு உண்டு. எந்த நேரத்தில் அழைக்க வேண்டும், எப்போது குரலை உயர்த்த வேண்டும், எப்போது 'அம்மா, உங்களுக்கு நான் உதவி செய்கிறேன்' என்று குழைய வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். சாமர்த்தியம்தான் காரணம் என்றால் அவனையும் நாம் ரசித்திருக்க வேண்டும். பொய் யாரைப் பிடிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் வேறுபாடு தெரிகிறது.

மரியாதை ராமன் பெயரிலும் பீர்பால் பெயரிலும் சொல்லப்படும் ஒரு கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் திருட்டு, வேலைக்காரர்கள் எல்லோர் மேலும் சந்தேகம். ஆளுக்கொரு கோலைக் கொடுத்து, எல்லாம் ஒரே அளவு, திருடியவனின் கோல் மட்டும் இரவில் ஒரு விரற்கடை வளர்ந்துவிடும் என்கிறார் நீதிபதி. காலையில் ஒருவனுடைய கோல் மட்டும் ஒரு விரற்கடை குட்டையாக இருக்கிறது. திருடாதவன் அந்தப் பொய்யை நம்பினாலும் அவனுக்கு நஷ்டம் இல்லை, நம்பாவிட்டாலும் இல்லை. கோலைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்கலாம். திருடியவனுக்கு மட்டும் தூக்கம் வராது. கத்தியை எடுத்துக் கோலை வெட்டியது அவனுடைய கை. நீதிபதி அவனைத் தொடக்கூட இல்லை.

கொலம்போவின் நல்ல கதைகள் எல்லாம் இந்தக் கோலிலிருந்து செய்யப்பட்டவை. 1974இல் ஒளிபரப்பான ஒரு கதையில் கொலைகாரர் காவல்துறையின் துணைக் கமிஷனர். அதாவது கொலம்போவின் மேலதிகாரி. நண்பர் ஒருவர் தம் மனைவியைக் கொன்றதைத் திருடன் செய்ததுபோல் மாற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு பணக்காரியான தன் மனைவியையும் அதே 'திருடன்' கணக்கில் எழுதிவிடுகிறார். பழியைச் சுமக்க ஒரு பழைய நகைத் திருடன் இருக்கிறான். கொலம்போ அவனுடைய கோப்பில் ஒரு முகவரியை எழுதிக் கமிஷனரின் கண்ணில் படும்படி விடுகிறார். 'திருடன்' கொண்டுபோனதாகக் காட்டிய நகைகளை அங்கே ஒளித்து வைத்துவிட்டு, படையோடு வந்து கமிஷனர் சோதனை போடுகிறார், நகைகளும் கிடைக்கின்றன. அப்போதுதான் கொலம்போ மெதுவாகச் சொல்கிறார், அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருப்பது தான்தான் என்று. அந்த முகவரியைக் கோப்பில் பார்த்தவர் ஒரே ஒருவர். நகைகளைக் கையில் வைத்திருக்கக்கூடியவர் கொலைகாரர். இரண்டும் ஒரே ஆள். குற்றமற்ற கமிஷனர் ஒருவர் அந்தக் கோப்பைப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காலி வீட்டைச் சோதனை போட்டுவிட்டு எரிச்சலோடு திரும்பியிருப்பார்.

உங்கள் தெரு ஆசிரியைக்கு விரிக்கப்பட்ட வலை இதற்கு நேர் எதிரானது. அதில் சிக்கக் குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை. பயம் இருந்தால் போதும், சட்டத்தின் மேல் மரியாதை இருந்தால் இன்னும் வசதி. நேர்மையாக வாழ்ந்தவர்கள்தான் அதில் சீக்கிரம் விழுகிறார்கள். (நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. பணம் போனவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் உங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.)

இதை அப்படியே உங்கள் மனைவியிடம் சொன்னால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்பார்: "அவர்தான் கொலைகாரர் என்று கொலம்போவுக்கு முதலிலேயே எப்படித் தெரியும்?" அங்கேதான் தொடர் நம்மிடமே ஒரு வித்தையைக் காட்டுகிறது. கொலம்போ கதைகளில் கொலையை நாம் முதலிலேயே பார்த்துவிடுகிறோம். இந்த அமைப்பை 1912இல் ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் சிறுகதைகளில் செய்து பார்த்தார். கொலம்போவை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் விசாரணை அதிகாரி போர்ஃபிரியிடமிருந்து கொலம்போவை எடுத்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சுற்றிச் சுற்றிப் பேசி, சிரித்து, மன்னிப்புக் கேட்டு, எதிராளியைத் தானாகவே அவிழ வைக்கும் அதிகாரி. கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபால்க் வாசல் வரை போய்த் திரும்பி நின்று 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று நெற்றியைத் தடவும்போது, அவர் சொல்லும் பொய் சரியான ஆளிடம்தான் போய்ச் சேர்கிறது என்ற நிம்மதி நமக்கு ஏற்கனவே தரப்பட்டிருக்கிறது. அந்த நிம்மதியை எடுத்துவிட்டால் நம் கைதட்டலில் பாதி போய்விடும்.

நிஜ வாழ்க்கையில் அந்த நிம்மதி யாருக்கும் இல்லை. 1969இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. சந்தேகத்துக்குரியவரிடம், அவருடைய உறவினர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று போலீஸ் பொய் சொல்லியிருந்தது. அந்தப் பொய் ஒன்றினாலேயே வாக்குமூலம் செல்லாமல் போய்விடாது என்றது நீதிமன்றம். கோல் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'உன் உறவினன் உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டான்' என்ற பொய் குற்றவாளியையும் உலுக்கும், நிரபராதியையும் உலுக்கும். 1989இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க் வழக்கில் பதின்வயதினர் சிலர், மணிக்கணக்கான விசாரணைக்குப் பின், தாங்கள் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். உண்மையான குற்றவாளி வாய் திறந்து, மரபணுச் சோதனையும் அதை உறுதி செய்து, 2002இல்தான் தீர்ப்புகள் நீக்கப்பட்டன. அந்த விசாரணை அறை கொலம்போவைவிட உங்கள் தெருவுக்கு வந்த வீடியோ அழைப்புக்கே அருகில் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் போலீஸை அவ்வளவாக நம்பவில்லை. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி நீடிக்கிறது. ஆகவே கொலம்போ இந்தியாவில் வேலை பார்த்திருந்தால், கடைசிக் காட்சியில் கொலைகாரர் தலை குனிந்து 'ஆமாம்' என்று சொல்வதால் பயன் இல்லை. ஒளித்து வைத்த நகைகள்தான் பயன்படும். அவருடைய தந்திரங்கள் பெரும்பாலும் ஒரு வார்த்தையைவிட ஒரு செயலையே எதிராளியிடமிருந்து வாங்குகின்றன என்பதால் அவர் இங்கேயும் பிழைத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் நம் திரை போலீஸ் பிழைப்பது அடியில். 1998 முதல் பல ஆண்டுகள் ஓடிய இந்தித் தொடர் 'சி.ஐ.டி.'யில் தயா என்ற போலீஸ் அதிகாரி கதவை உடைப்பதும், கன்னத்தில் ஓர் அறை விழுந்தவுடன் குற்றவாளி கதை முழுவதையும் கக்குவதும் சடங்குபோல் நடந்தன. நம் தமிழ்ப் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்குக் கைதட்டிய அதே கைகள்தான், 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது மெழுகுவத்தி பிடித்தன. துப்பாக்கிகூட எடுத்து வராத, கசங்கிய மழைக்கோட்டு போட்ட, கேள்வி கேட்டே கழுத்தறுக்கும் ஒரு போலீஸ்காரரை நமக்குப் பிடித்துப்போவதில் வியப்பில்லை. அவர் அடிப்பதில்லை. 1985இல் தூர்தர்ஷனில் கேரட் கடித்துக்கொண்டு வந்த 'கரம்சந்த்' பங்கஜ் கபூரும் அடித்ததில்லை. அவரைப் பார்த்த தலைமுறை உங்களுடையது.

உங்கள் ஊருக்கே இதில் ஒரு பங்கு உண்டு. 2000களில் உண்மையை வரவழைக்கும் ஊசி என்று பேசப்பட்ட நார்கோ சோதனைக்கு நாடெங்கிலுமிருந்து ஆட்களைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். முத்திரைத்தாள் மோசடி வழக்கின் தெல்கியும் அவர்களில் ஒருவர். 2010 மே 5 அன்று, 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில், சம்மதமின்றி இந்தச் சோதனைகளை யார் மேலும் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடியும் ஊசியும் எதிராளியின் மனத்தைத் தாண்டிக்கொண்டு போகப் பார்ப்பவை. தந்திரம் அந்த மனத்தோடு மோதுகிறது. கமிஷனருக்கு முகவரியை நம்பாமல் இருக்கும் உரிமை இருந்தது, வீட்டுக்குப் போகாமல் இருக்கும் உரிமையும் இருந்தது. நான் ரசிப்பது அந்த மரியாதையை.

அந்தஸ்தும் இதில் கலந்திருக்கிறது. கொலம்போவின் கொலைகாரர்கள் லாஸ் ஏஞ்சலஸின் பெரிய மனிதர்கள். ஓட்டை பெஜோ காரில் வந்து, மனைவியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் இந்த ஆளை அவர்கள் வாயிலில் நிற்கும் வேலைக்காரன்போல் நடத்துகிறார்கள். சந்தேகிக்கப்படாத தோற்றமே ஒற்றனுக்கு முதல் தகுதி என்று வள்ளுவர் ஒற்றாடலில் சொன்னதற்கு இவ்வளவு பொருத்தமான ஆள் கிடையாது. ஒயிட்ஃபீல்டின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி ஓடிபி கேட்டு இவரை வெயிலில் நிறுத்தியிருப்பார். அந்தக் காத்திருப்பிலேயே அவர் பாதி வழக்கை முடித்திருப்பார். நம் எழுத்தாளர் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வை இங்கே தலைகீழாக வைத்துப் பார்க்கலாம்: சாம்பு அசட்டுத்தனமாகச் செய்வதை ஊர் மேதைமை என்று எடுத்துக்கொள்கிறது; கொலம்போவின் மேதைமையை ஊர் அசட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்கிறது.

உங்கள் பேத்தியின் ஆளுக்கு வருகிறேன். 'தி மென்டலிஸ்ட்' நாயகன் பாட்ரிக் ஜேன் விஷயத்தில் உங்கள் மனைவி சொன்னதில் உண்மை அதிகம். 2008 முதல் 2015 வரை ஓடிய அந்தத் தொடரில் அவன் முன்னாள் மோசடிக்காரன். ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிப் பிழைத்தவன். தொலைக்காட்சியில் ஒரு தொடர்கொலைகாரனை இகழ்ந்து பேசியதன் விலையாக மனைவியையும் மகளையும் இழந்தவன். துப்பறிய வந்த பிறகும் அவன் எல்லோரிடமும் பொய் சொல்கிறான்: சாட்சியிடம், துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம், உடன் வேலை செய்பவர்களிடம். கொலைகாரன் யார் என்று நமக்கும் தெரியாததால், அவனுடைய வலையில் நிரபராதிகளும் துடிப்பதைப் பார்க்கிறோம். ஜேனாக நடிக்கும் சைமன் பேக்கரின் புன்னகை அதை மறக்கடித்துவிடுகிறது. தொடரை எழுதியவர்கள் மறக்கவில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. மூன்றாவது சீசனின் முடிவில் ஜேன், தன் குடும்பத்தை அழித்தவன் என்று நிச்சயித்து ஒருவனைச் சுட்டுக் கொல்கிறான். ஜேன் தேடிய ஆள் செத்தவன் இல்லை என்பது பிறகு தெரிகிறது. நீதிமன்றத்திலும் பேச்சுத் திறமையாலேயே ஜேன் விடுதலை ஆகிறான். அதைப் பார்த்துக் கைதட்ட எனக்குக் கை வரவில்லை.

உங்கள் மனைவியையும் உட்கார வைக்க விருப்பம் என்றால் கமிஷனர் கதையில் தொடங்குங்கள். சீருடையின் மேலும் பதவியின் மேலும் நாம் வைக்கும் நம்பிக்கையை ஒருவர் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறார் என்பதுதான் அதில் பாதிக் கதை. அந்த ஆசிரியையைத் தெரிந்தவருக்கு அது சட்டென்று புரியும். ஜேனை இப்போதைக்குக் காட்ட வேண்டாம். முதல் காட்சியிலேயே எழுந்து போய்விடுவார், பேத்திக்கும் அவருக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.