மும்பையில் இருந்துகொண்டு, வால்ட் டிஸ்னியின் 1937ஆம் வருஷத்துக் கார்ட்டூன் படமான ‘ஸ்னோ ஒயிட்’டின் பழைய பொருட்களைச் சேகரிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். நான் செம்பூரில் குடியிருக்கிறேன், பல வருஷமாக இதைத்தான் செய்கிறேன். லட்சக்கணக்கில் செலவாகுமா, போலிச் சரக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொருளைத் தேடி இறங்குமுன் அந்தப் படத்தின் கதையைச் சேகரியுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வேன். திரையில் ஓடும் கதை எல்லோருக்கும் தெரியும். படம் எப்படி உருவானது, யார் வரைந்தார்கள், யார் குரல் கொடுத்தார்கள், எந்தெந்த வருஷம் மறுபடி தியேட்டருக்கு வந்தது என்ற கதை வேறு. அதற்குச் செலவே இல்லை. அது மனசில் ஏறிவிட்டால் கையில் எடுக்கிற பொருள் தன் வயசைத் தானே சொல்லிவிடும்.

தாராவி 13ஆம் காம்பவுண்டு பக்கம் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்கு வேண்டியவர். திருநெல்வேலிப் பக்கம். குழந்தைகள் புத்தகம் எடைக்கு வந்தால் எனக்காக ஒதுக்கி வைப்பார். ஒருநாள் போன் செய்தார். “யம்மா, குள்ளனுவ படம் போட்ட பொஸ்தவம் ஒண்ணு கெடக்கு. ரொம்பப் பழசு போலத் தெரியுது. வந்து பாத்துட்டுப் போ.” போனேன். அட்டை கிழிந்து, முதுகில் தையல் விட்டுப்போன படப் புத்தகம். கடையில் நின்ற இன்னொருவர் அது 1937ஆம் வருஷத்து ஒரிஜினல் என்று அடித்துச் சொன்னார். நான் அட்டையைத் திருப்பி, உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் உரிமை வரியைப் பார்த்தேன். ‘வால்ட் டிஸ்னி புரொடக்‌ஷன்ஸ்’ என்று இருந்தது. படம் முதலில் வந்த சமயத்துப் புத்தகம், பொம்மை, தகர டப்பாவில் பெரும்பாலும் ‘வால்ட் டிஸ்னி என்டர்பிரைசஸ்’ என்று இருக்கும். 1930களின் கடைசியில்தான் அந்த இடத்தில் புரொடக்‌ஷன்ஸ் வந்தது. 1986க்குப் பிறகு ‘தி வால்ட் டிஸ்னி கம்பெனி’, அல்லது வெறும் ‘டிஸ்னி’. இந்த ஒரு வரியைப் பார்க்கக் கற்றுக்கொண்டாலே பாதிப் பேர் உங்களை ஏமாற்ற முடியாது.

புத்தகத்தை வாங்கத்தான் செய்தேன். நடுப்பக்கத்தில் ஏழு குள்ளர்களும் சுரங்கத்திலிருந்து வரிசையாக வீடு திரும்பும் படம் ஒரு கறையும் இல்லாமல் இருந்தது. அந்த வரிசையில் கடைசியாக வரும் டோப்பியைப் படத்தில் கவனித்துப் பாருங்கள். நடுவில் சட்டென்று ஒரு கால் மாற்றிக் குதித்துக்கொண்டு போவான். பிராங்க் தாமஸ் என்ற அனிமேட்டர் ஒரு காட்சியில் தானாகவே சேர்த்த நடை அது. வால்ட் டிஸ்னிக்கு அது அவ்வளவு பிடித்துப்போக, மற்றவர்கள் ஏற்கனவே வரைந்து முடித்த காட்சிகளிலும் அந்தக் குதியைச் சேர்க்கச் சொல்லிவிட்டார். வேலை கூடியவர்கள் தாமஸ் மேல் எரிச்சல்பட்டார்களாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நடுப்பக்கம் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

புத்தகம் தேட மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகள் நல்ல இடம். அங்கே ஸ்னோ ஒயிட் பெயரில் கிடைப்பது எல்லாம் இந்தப் படத்தைச் சேர்ந்தது என்று எடுத்துவிடாதீர்கள். மூலக்கதை ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்டது. அதில் குள்ளர்களுக்குப் பெயரே கிடையாது. ராணி மூன்று தடவை வேஷம் போட்டு வருவாள்: முதலில் இடுப்புக் கச்சையின் நாடா, பிறகு விஷச் சீப்பு, கடைசியில்தான் ஆப்பிள். இளவரசனின் முத்தத்தால் ஸ்னோ ஒயிட் எழுவதில்லை. பிந்தைய பதிப்புகளில், சவப்பெட்டியைத் தூக்கிப் போகும்போது குலுங்கியதில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழும். கல்யாணத்துக்கு வந்த ராணி, பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆடியே சாவாள். முதல் பதிப்பில் அவள் சித்திகூட இல்லை, பெற்ற தாய். 1819இல் வந்த அடுத்த பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆக்கினார்கள். ஆகவே சீப்பும் நாடாவும் வரும் புத்தகம் கிரிம் வழி. டாக், கிரம்பி, ஹேப்பி, ஸ்லீப்பி, பேஷ்ஃபுல், ஸ்னீஸி, டோப்பி என்ற பெயர்கள் இருந்தால் டிஸ்னி வழி. நான் இரண்டையும் வாங்குவேன், தனித்தனி அடுக்கில் வைப்பேன்.

போஸ்டருக்கும், தியேட்டர் முகப்பில் வைக்கும் சின்ன விளம்பர அட்டையான லாபி கார்டுக்கும் சோர் பஜார், மட்டன் ஸ்ட்ரீட். டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கிய நகலும் அதே அடுக்கில்தான் இருக்கும். இங்கே விநியோகக் கதை கைகொடுக்கும். படம் 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலீஸின் கார்த்தே சர்க்கிள் தியேட்டரில் முதலில் திரையிடப்பட்டது. அப்போதும், 1944, 1952 மறுவெளியீடுகளின்போதும் விநியோகம் செய்தது ஆர்.கே.ஓ. ரேடியோ பிக்சர்ஸ். டிஸ்னி தன் சொந்த விநியோகக் கம்பெனியான ப்யூனா விஸ்டாவை 1953இல் தொடங்கினார். 1958, 1967, 1975 வெளியீடுகள் எல்லாம் அதன் பெயரில். அதனால் ‘1937’ என்று சொல்லி நீட்டுகிற போஸ்டரில் ப்யூனா விஸ்டா பெயர் இருந்தால் பேரம்கூடப் பேச வேண்டாம். அமெரிக்க போஸ்டராக இருந்தால் கீழ் ஓரத்தையும் பாருங்கள். மறுவெளியீட்டுக்கு ‘ஆர்’ என்ற எழுத்தும் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கமும் அச்சிடும் வழக்கம் இருந்தது. 1958, 67 வருஷத்து மறுவெளியீட்டுக் கார்டுகள் மட்டமில்லை. நிறமும் நன்றாக இருக்கும், விலையும் கட்டுக்குள் இருக்கும். தொடங்குகிறவருக்கு அதுதான் சரியான இடம்.

வீடு காலி செய்கிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். மாட்டுங்காவில் பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று சாமான்களை ஒழித்த ஒரு மாமி, “பசங்க எல்லாம் அமெரிக்கா போயாச்சு, இதை வெச்சுண்டு நான் என்ன பண்ணப்போறேன், நீ எடுத்துண்டு போடி” என்று ஒரு வியூ-மாஸ்டரைக் கொடுத்தார். வட்டைச் செருகி, இரண்டு கண்ணிலும் வைத்துப் படம் பார்க்கும் பொம்மை அது. கூடவே ஸ்னோ ஒயிட் வட்டு. ஒரு வட்டில் 14 சின்னப் படங்கள், இரண்டிரண்டாக 7 காட்சி. படத்தின் ஓவியங்களை அப்படியே போட்டிருப்பார்கள் என்று நினைத்துக் கண்ணில் வைத்தேன். சின்னச் சின்னச் சிலைகளாகச் செய்து, செட் போட்டு எடுத்திருந்தார்கள். குடிசைக்குள் மேஜை முன்னால், சுவர் பின்னால் என்று ஆழம் தெரிகிறது. சேகரிப்பில் என் மனசுக்கு மிக நெருக்கமான பொருள் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இனி ‘செல்’ எனப்படும் அனிமேஷன் ஓவியத் தகடு. நீங்கள் லட்சக்கணக்கில் என்று பயந்தது இதைத்தான். கண்ணாடி போன்ற தகட்டில் முன்பக்கம் மையால் கோடு இழுத்து, பின்பக்கம் வர்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துப் படம் பிடிப்பார்கள். அந்தக் காலத்தில் படம் பிடித்து முடித்ததும் செல்லைக் கழுவி மறுபடி பயன்படுத்துவதோ, தூக்கிப் போடுவதோதான் வழக்கம். 1938இல் சான் பிரான்சிஸ்கோவின் கூர்வாசியே காலரி ஸ்னோ ஒயிட் செல்களைக் கலைப்பொருளாக விற்க ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்படிப் போன ஒன்றில் இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள் இருக்கும். அதை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியமே வாங்கி வைத்தது.

தென் மும்பையில் ஒரு குடும்பத்திடம் இருக்கும் செல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கிரம்பி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். பின்னால் காடும் இல்லை, குடிசையும் இல்லை, மெல்லிய மரத்தகடு. விவரம் தெரியாதவர் பின்னணி தொலைந்துவிட்டது என்று நினைப்பார். கூர்வாசியே மூலம் விற்றவற்றில் நிறைய இப்படித்தான், உருவத்தை வெட்டி எடுத்து மரத்தகட்டின் மேலோ புள்ளி போட்ட காகிதத்தின் மேலோ ஒட்டியிருப்பார்கள். ஒரு காட்சிக்குப் பின்னணி ஓவியம் ஒன்றுதான், செல்லோ நூற்றுக்கணக்கில் வரும். ஆகவே முழுக் காட்டுப் பின்னணியோடு மலிவாகக் கிடைக்கும் ‘ஒரிஜினல்’ மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது கோடு எல்லாம் கறுப்பில்லை. தோலைச் சுற்றி ஒரு நிறம், சட்டையைச் சுற்றி ஒரு நிறம். மை கனத்து மெலியும் இடத்தில் கை ஓடிய வேகம் தெரிகிறது. பின்னாளில் ஸ்க்ரீன் பிரிண்டில் அடித்து விற்ற ‘செரிசெல்’களில் அந்த உயிர் இருக்காது. அவை படத்துக்காக வரைந்தவை அல்ல, அலங்காரப் பொருள்.

அந்தக் கோடுகளை இழுத்தவர்கள் பெண்கள். மை, வர்ணப் பிரிவில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை பார்த்தார்கள். படத்தின் தொடக்கப் பெயர் வரிசையில் அவர்கள் யாருடைய பெயரும் கிடையாது. ஸ்னோ ஒயிட்டின் கன்னச் சிவப்பை, அந்தப் பெண்கள் தங்கள் கைப்பையிலிருந்த ரூஜை எடுத்துப் பூசினார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதைவிடக் கடினமான வேலை அது. ஹெலன் ஆக்கர் என்ற ஓவியர் சிவப்புச் சாயத்தைப் பஞ்சில் தொட்டு, செல் செல்லாகத் தேய்த்து ஏற்றினார். அடுத்தடுத்த செல்லில் இடம் கொஞ்சம் தப்பினாலும் திரையில் கன்னம் துடிக்கும். ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் அது துடிக்கவில்லை. அவர் பெயரை இந்தப் படத்தைப் பற்றிப் பேசும் எல்லா இடத்திலும் நான் சொல்லிவிடுவேன்.

குரல் கொடுத்தவர்கள் பெயரும் திரையில் வராது. ஸ்னோ ஒயிட்டுக்கு அட்ரியானா கேசலாட்டி. அவருடைய அப்பா பாட்டு வாத்தியார். குழந்தைக் குரல் வேண்டும் என்று ஸ்டுடியோவிலிருந்து அப்பாவுக்கு வந்த போனை வீட்டின் இன்னொரு இணைப்பில் ஒட்டுக்கேட்டு, அங்கேயே பாடிக் காட்டினாராம். ராணிக்கும் சூனியக்காரிக்கும் லூசில் லா வெர்ன் ஒருவரே. கிழவியின் குரலுக்காகப் பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாட்டுகள் 1938இல் விக்டர் கம்பெனி மூலம் நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டாக வந்தன; படத்தின் ஒலித்தடத்திலிருந்தே எடுத்து வெளியிட்ட முதல் ஆல்பம் என்ற பெருமை அதற்கு உண்டு. இந்தப் பாட்டுகளை டான்ஸ் பேண்டுகள் வாசித்த தட்டுகள் சோர் பஜாரில் அவ்வப்போது கண்ணில் படும். வாங்கினால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். அது அரக்கு கலந்த தட்டு, ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

வார்ட் கிம்பால் என்ற அனிமேட்டர் மாதக்கணக்கில் உழைத்த சூப் குடிக்கும் காட்சி, கதையை நிறுத்துகிறது என்று வெட்டப்பட்டது. குள்ளர்கள் கட்டில் செய்யும் காட்சியும் அப்படியே போனது. பின்னர் வந்த டிவிடி பதிப்புகளில் இரண்டையும் பென்சில் கோடாகவே பார்க்கலாம். பழைய டிவிடி மலிவாகக் கிடைக்கிறது. புதுசாகத் தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான்.

செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த செல் மட்டும் வேண்டாம் என்பேன், பணம் இருந்தாலும். அந்தக் காலத் தகடு வெயிலிலும் ஈரத்திலும் மஞ்சளாகிச் சுருங்கும், நெளியும், சட்டென்று தீப்பற்றவும் செய்யும். வருஷம் முழுக்கக் கட்டுப்பாடான குளிர் இல்லாமல் மும்பையில் அதைக் காப்பாற்ற முடியாது. காகிதத்துக்கே ஜூனிலிருந்து செப்டம்பர் வரை போராட்டம்தான். அமிலம் இல்லாத காகித உறை, டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரி. பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து, காகிதத்தில் படாமல் ஒரு மூலையில் போடுகிறேன். லேமினேட் செய்ய மட்டும் யாரும் கொடுக்காதீர்கள். செய்த பிறகு பிரிக்க வழியில்லை.

இப்போது நான் தேடுவது இந்தப் படத்துக்கு 1938, 39 வாக்கில் தமிழ்ப் பத்திரிகைகளிலோ பம்பாய், மதராஸ் தியேட்டர் நோட்டீஸ்களிலோ வந்த விளம்பரமும் விமர்சனமும். உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்து பைண்டு வால்யூம் இருந்தால், பக்கத்தைப் பிரித்து எடுக்காமல் அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அட்டையில் இருக்கும் தேதியும் தெரிகிற மாதிரி.