பயத்தோடு தொடங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 37. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஐந்தாம் படிவத்தில் மலாய் மொழித் தாளில் தோற்றதால் எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) சான்றிதழ் கிடைக்கவில்லை, அது இல்லாமல் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்க இயலாது. மீண்டும் எழுத ஆசை இருந்தும், விண்ணப்பப் பாரத்தைத் திறந்தாலே கை நடுங்குகிறது. எங்கள் ஜெபக்குழுவின் மூத்த சகோதரி பிலிப்பியர் 4:13-ஐக் காட்டி, பயப்படுகிறவருக்கு விசுவாசம் இல்லை என்கிறார். என் விசுவாசம் குறைவுபட்டதா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இல்லை, சகோதரி. “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்று பவுல் எழுதியபோது அவர் காவலில் இருந்தார். அதற்கு முந்தைய வசனத்தில், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தாம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார். எது வந்தாலும் கிறிஸ்துவுக்குள் நிலைத்திருக்க முடியும் என்பதே அங்குள்ள பேச்சு; நினைத்ததெல்லாம் கைகூடும் என்ற உத்தரவாதத்தை நாம்தான் அதில் ஏற்றி, நாட்காட்டிகளிலும் அச்சிட்டுவிட்டோம்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரம். இஸ்ரவேலரை ஒடுக்கிய மீதியானியருக்குப் பயந்து திராட்சரச ஆலைக்குள் மறைந்து கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்த கிதியோனைத்தான் தேவதூதன் “பராக்கிரமசாலியே” என்று அழைக்கிறான். தன் குடும்பம் மிகவும் எளியது, அதிலும் தானே சிறியவன் என்று அவன் தயங்குகிறான். பாகால் என்னும் அந்நிய தெய்வத்தின் பலிபீடத்தை இடிக்கக் கர்த்தர் சொன்னபோதும், தகப்பன் குடும்பத்தாருக்கும் ஊராருக்கும் பயந்து, வேலையாட்கள் பத்துப் பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பகலில் செய்யாமல் இரவில் செய்து முடிக்கிறான். வேதம் அந்தப் பயத்தை மறைக்கவில்லை. இரவில் செய்ததற்காக அவனைக் கடிந்துகொள்ளவுமில்லை. அவன் முந்நூறு பேருடன் போர்க்களம் போனதையே நம் பிரசங்கங்கள் பெரிதாகப் பேசுகின்றன. எனக்கோ அந்த முதல் இரவுதான் பெரிதாகப் படுகிறது, ஏனெனில் துணிவு வரட்டும் என்று காத்திராமல், பயம் இருக்கும்போதே அவன் கீழ்ப்படிந்தான்.

ஆகவே நடுக்கம் நின்ற பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். முதலில் மாநிலக் கல்வித் துறையின் தேர்வுப் பிரிவில், நீங்கள் மலாய் மொழியை மட்டும் எழுதினால் போதுமா என்று விசாரியுங்கள்; 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம் என்பதால், உங்கள் பழைய முடிவுத்தாளை அவர்கள் பார்த்துச் சொல்வதே நல்லது. மலாய் மொழியில் இப்போது எழுத்துத் தாள்களோடு பேச்சுத் தேர்வும் செவிமடுத்தல் தேர்வும் உண்டு. தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் மலாய்த் தோழியரிடம், உங்கள் தவறுகளைத் தயங்காமல் திருத்தச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். தன் நாவு மந்தமானது என்று மறுத்த மோசேக்கும் பேசுவதற்கு ஆரோன் துணையாகக் கொடுக்கப்பட்டான். உதவி கேட்பது அவிசுவாசம் ஆகாது.

ஒருவேளை இம்முறையும் தேர்ச்சி கிடைக்காமல் போகலாம். அப்படி நேர்ந்தால் அதை உங்கள் விசுவாசத்தின் மதிப்பெண்ணாக எவரும் வாசிக்க விடாதீர்கள், அந்த மூத்த சகோதரி உட்பட. அவர் அன்பினால்தான் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். அவரிடம் ஜெபத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: வாரத்தில் ஒரு மாலையாவது உங்கள் வீட்டுப் பொறுப்பை ஜெபக்குழுவில் யாராவது ஏற்றுக்கொண்டால், நீங்கள் உட்கார்ந்து கட்டுரை எழுதிப் பழக முடியும்.