மச்சானைக் காக்க வைத்த ஒரு மணி நேரம்

கேள்வி: ஐயா, வருகிற தையில் அக்கா மகள் கல்யாணத்துக்கு ரங்கூனிலிருந்து சென்னை போகிறோம். டிக்கெட்டில் காலை 10 மணிக்குக் கிளம்பி 11.30-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. திரும்பும்போது பகல் 12-க்குக் கிளம்பி 3.30. போக ஒன்றரை மணி, வர மூன்றரை மணியா? தூரம்தான் எவ்வளவு?
— பெகு வாசகி

பதில்: தூரம் சுமார் 1,770 கிலோமீட்டர் அம்மா, போனாலும் வந்தாலும். ஐராவதிக் கழிமுகம் தாண்டினால் அப்புறம் சென்னைக் கரை வரை வங்கக் கடல்தான். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட வேண்டாம்.

பறக்கிற நேரமும் இரண்டு பக்கமும் இரண்டரை மணிதான். டிக்கெட்டில் கிளம்பும் நேரத்தைக் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படியும், இறங்கும் நேரத்தை இறங்கும் ஊர்க் கடிகாரப்படியும் போடுவார்கள். நம் பர்மாக் கடிகாரம் 97.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, இந்தியாவுடையது 82.5-ஐ வைத்து. நடுவில் சரியாக 15 டிகிரி. சூரியனுக்கு டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 60 நிமிடம் நாம் முந்தி. நீங்கள் சென்னையில் இறங்கும்போது நம் ரங்கூன் மிங்கலாடோன் விமான நிலையத்தில் மணி பன்னிரண்டரை.

இதில் நானும் பட்டவன். பத்தொன்பது வருஷம் டிக்கெட் எழுதிய ஆள், முதல்முறை சென்னையிலிருந்து பகல் 12-க்குக் கிளம்பும்போது மச்சானுக்குப் போன் போட்டு "ரெண்டரைக்கு வந்துவிடுவேன்" என்றேன். வந்து சேர்ந்தது மூன்றரைக்கு. மனுஷன் வாசலில் நின்று இரண்டு தடவை வெற்றிலை போட்டு முடித்திருந்தார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

காற்றால் பத்து நிமிடம் முன்பின் ஆகலாம். தையில் மேலே மேற்குக் காற்று, போகும்போது எதிர்க்கும். ஆடி மழைக்காலத்தில் தலைகீழ்: கிழக்கிலிருந்து வேகமான காற்றோட்டம் ஒன்று தென்னிந்தியாவுக்கு மேலே ஓடும். வானிலை அறிஞர் கோட்டேஸ்வரம் 1958-இல் விவரித்தது அதைத்தான். அப்போது சென்னைக்குப் போகிறவர்களுக்கு அது பின்னாலிருந்து தள்ளிவிடும்.

கேள்வி: பாங்காக் வழியாகப் போனால்?
— மோல்மேன் வாசகர்

பதில்: முதலில் கிழக்கே 610 கிலோமீட்டர், அப்புறம் மேற்கே 2,230. மூக்கைச் சுற்றித் தொடுகிற கதை. பாங்காக் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி முந்தி என்பதையும் மறக்காதீர்கள். நேர் விமானம் கிடைக்காத நாளில் மட்டும் பாருங்கள்.

கேள்வி: பெட்டியில் ஆர்ஜிஎன் என்று ஒட்டுகிறார்கள். யாங்கோன் எங்கே போயிற்று?
— அதே வாசகர்

பதில்: 1989-இல் ரங்கூன் என்ற ஊர்ப் பெயரை யாங்கோன் என்று மாற்றினார்கள், ரங்கூனைக் குறிக்கும் ஆர்ஜிஎன் (RGN) என்ற விமான நிலையக் குறியீட்டை மாற்றவில்லை. நம் வீடுகளிலும் இன்னும் ரங்கூன்தானே! பெட்டி சரியான ஊருக்கு வந்துவிடும்.